மீனும் காயும் வயிறார, சோறு தொட்டுக்கொள்ள
(மாவுச்சத்தைக் குறைக்கத் தொடங்குபவருக்கான முதல் மூன்று மாதங்கள்)

திருவொற்றியூரில் ரேஷன் கடையிலிருந்து மாதாமாதம் வீட்டுக்கு வரும் பையைப் பார்த்தாலே வடசென்னையின் சாப்பாடு பிடிபட்டுவிடும். பெரும்பாலான அரிசி அட்டைகளுக்கு 20 கிலோ வரை அரிசி; 2011 ஜூன் முதல் அது விலையில்லாமல் கிடைக்கிறது. கொஞ்சம் சர்க்கரை, ஒரு லிட்டர் பாமாயில். துவரம்பருப்பு ஒரே ஒரு கிலோ. பட்டினியை விரட்டியதில் இந்தப் பைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் 20-க்கு 1 என்ற அந்தக் கணக்கு அப்படியே அடுப்புக்கும், அடுப்பிலிருந்து தட்டுக்கும் போய்விடுகிறது. காலையில் இட்லி, மதியம் குண்டான் சோறு, ராத்திரி தோசை அல்லது பரோட்டா. நடுநடுவே சர்க்கரை போட்ட டீ, அதில் நனைக்க பன்னோ பிஸ்கட்டோ.

கட்டுமரம் தள்ளியவர்களும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் இந்தச் சாப்பாட்டை உழைத்தே எரித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கிரேன் ஓட்டுகிறார்கள், கன்டெய்னர் லாரியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், டயர் கம்பெனியிலும் மணலி, எண்ணூர் ஆலைகளிலும் ஷிப்ட் பார்க்கிறார்கள். வேலை மாறிவிட்டது, தட்டு மாறவில்லை.

இதன் விளைவை 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தேசிய சராசரி 11.4 சதவீதம் என்றால் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். சென்னையில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு, நகரத்து மக்களின் அன்றாடக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதாகவும், அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி என்றும் கண்டது.

சோற்றை ஒரேயடியாக ஒழிக்கும்படி இந்த அத்தியாயம் சொல்லப்போவதில்லை. தட்டில் சோறும் மற்றவையும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். மீனும் காயும் பருப்பும் வயிற்றை நிரப்பட்டும், சோறு தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வரட்டும். திருவொற்றியூரில் கிடைக்கிற பொருளையும், ஷிப்ட் நேரத்தையும், கையில் இருக்கிற காசையும் வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒரு நாளின் கணக்கு

முதலில் இப்போது எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும். ஜெனரல் ஷிப்ட் போகும் ஒருவரின் வழக்கமான நாளை எடுத்துக்கொள்வோம்.

எழுந்ததும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ: சர்க்கரையிலேயே 10 கிராம். காலை 5 இட்லி: சுமார் 50 கிராம். பத்தரை மணிக்கு டீயும் பன்னும்: 40. மதியம் 400 கிராம் வடித்த சோறு: 110. கூடவே உருளைக்கிழங்குப் பொரியல்: 20. நாலு மணிக்கு டீ, நாலு பிஸ்கட்: 30. ராத்திரி மூன்று பரோட்டா: 100. கூட்டினால் 360 கிராம் மாவுச்சத்து. இத்தனைக்கும் இதில் விருந்து எதுவும் இல்லை. இது சாதாரண செவ்வாய்க்கிழமை.

அதே ஆள், அதே வேலை, தட்டு மட்டும் மாறுகிறது. காலையில் சர்க்கரை இல்லாத டீ. இரண்டு இட்லி, இரண்டு முட்டை ஆம்லெட், கெட்டியான சாம்பார். பத்தரைக்கு டீயோடு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. மதியம் 125 கிராம் சோறு, 150 கிராம் மீன், கீரை, பீன்ஸ் பொரியல், மோர். சாயங்காலம் ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ராத்திரி ஒரு தோசை, இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுரைக்காய்க் கூட்டு. இந்த நாளின் மாவுச்சத்து 150 கிராமை ஒட்டி நிற்கும். புரதமோ 70 கிராமைத் தாண்டிவிடும். வயிறு காயாது.

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தால் அதை மாவுச்சத்து குறைந்த உணவு என்றும், 50 கிராமுக்குக் கீழே போனால் கீட்டோ என்றும் பொதுவாக வகுக்கிறார்கள். 360-லிருந்து ஒரே நாளில் 50-க்குக் குதிக்கத் தேவையில்லை. முதல் மாதம் 150 முதல் 200. உடல் ஒத்துழைத்தால் இரண்டாம் மாதத்திலிருந்து 130 பக்கம். தொடங்குபவருக்கு இது போதும்.

18,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் உணவுக் கணக்கை வைத்து 2022-ல் சென்னை ஆய்வாளர்கள் செய்த கணிப்பும் இதற்குத் தெம்பு தருகிறது. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள், மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தினாலே நோய் தணிய வாய்ப்பு உண்டு என்றார்கள். ஆகவே 200 கிராமில் நின்றுவிடுபவரும் வீணாக உழைக்கவில்லை.

பசி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது

பன்னும் டீயும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் மறுபடி எதையாவது கடிக்கத் தோன்றுகிறது. மனவுறுதி குறைந்தவர் என்று அந்த ஆளைக் குறை சொல்வது நியாயமில்லை. மைதாவும் சர்க்கரையும் வேகமாகச் செரித்து ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுகின்றன. அதை இறக்க இன்சுலின் சுரக்கிறது. பலருக்குச் சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் குளுக்கோஸ் பழைய அளவுக்கும் கீழே சரிகிறது. அந்தச் சரிவு பெரிதாக இருப்பவர்களுக்கு அடுத்த வேளைப் பசி சீக்கிரம் வருகிறது, அவர்கள் அதிகம் சாப்பிடவும் செய்கிறார்கள் என்று 2021-ல் வெளியான பிரெடிக்ட் ஆய்வு காட்டியது. புரதமும் நார்ச்சத்தும் உள்ள உணவு மெதுவாகச் செரிக்கிறது. ஏற்றமும் இறக்கமும் தணிவதால் நாக்கும் அடங்குகிறது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை அரை கிலோ அளவுக்கு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் இந்தச் சேமிப்பு கரைந்து, தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ மளமளவென்று இறங்குவது இதனால்தான். கொழுப்பு அதற்குப் பிறகே நிதானமாகக் கரையும். வாரத்துக்கு அரை கிலோ என்றால் நல்ல வேகம். இரண்டாம் வாரத்தில் தராசு நகரவில்லையே என்று கைவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள்.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாங்களாகச் சோற்றைக் குறைக்கக் கூடாது. மாத்திரை பழைய அளவிலும் சோறு பாதி அளவிலும் இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுதல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட வேண்டும். கிரேன், லாரி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்கு இது அவர்களுடைய உயிரோடு மட்டும் நிற்கிற விஷயம் அல்ல.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ பக்கமே போகக் கூடாது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அதில் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் கேட்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் எடை குறையக் குறைய மாற்ற வேண்டி வரலாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது. வீட்டில் ஒருவர் குறைக்கிறார் என்பதற்காகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் தட்டில் கை வைக்க வேண்டாம்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே மாத்திரை பெறுபவர்கள், கொண்டுவரும் பணியாளரிடம் சாப்பாட்டை மாற்றப்போவதைச் சொல்லி, மருத்துவரிடம் மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்ட பிறகு தொடங்கலாம்.

முதல் நான்கு வாரங்கள்

முதல் வாரம் கை வைக்க வேண்டியது குடிக்கிற பொருளில் மட்டும். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம் சர்க்கரை. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல். கடையில் ‘சர்க்கரை கம்மி’ என்று கேட்டால் மூன்று நாளில் அரை ஸ்பூன், ஒரு வாரத்தில் ‘சர்க்கரை இல்லாம’. நாக்கு பழகப் பத்து நாள் ஆகும். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ தேனோ மாற்றிப் பயனில்லை. உடலுக்கு அதுவும் சர்க்கரைதான். சாத்துக்குடி ஜூஸுக்குப் பதில் சாத்துக்குடியைச் சுளையாகச் சாப்பிடலாம். குளிர்பானத்தின் இடத்தில் நீர் மோர்.

இரண்டாம் வாரம் காலைச் சாப்பாடு. இட்லி ஐந்திலிருந்து இரண்டுக்கு வருகிறது. அந்த இடத்தில் முட்டையோ, பாசிப்பருப்பு அரைத்து ஊற்றிய அடையோ, முளைகட்டிய பயறோ வருகிறது. அம்மா உணவகத்தில் சாப்பிடுபவர் ஒரு ரூபாய் இட்லியில் இரண்டை வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து அவித்த முட்டை இரண்டு எடுத்துப் போகலாம்.

மூன்றாம் வாரம் மதியத் தட்டு. இதில்தான் முழுக் கவனமும் வேண்டும். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு மீன், முட்டை, கோழி, பருப்பு இவற்றில் ஏதாவது. மீதிக் கால் தட்டுக்குள் சோறு அடங்க வேண்டும். வீட்டுக் கரண்டியில் ஒரு கரண்டி சோறு எத்தனை கிராம் என்று ஒரு நாள் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டால், பிறகு கரண்டிக் கணக்கே போதும். நூறு கிராம் வடித்த சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து.

சாப்பிடும் வரிசையையும் மாற்றலாம். முதலில் பொரியலும் கூட்டும், அடுத்து மீன், கடைசியில் குழம்புச் சோறு. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுப் பொருளைப் பின்னால் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்துக்குப் பிந்தைய சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்ததை நியூயார்க்கில் ஒரு சிறிய ஆய்வு 2015-ல் பதிவு செய்தது. பங்கேற்றவர்கள் 11 பேர்தான் என்றாலும், காசு செலவில்லாத யோசனை என்பதால் முயன்று பார்ப்பதில் நட்டமில்லை. சோற்றில் பிசைந்துதான் காயைச் சாப்பிட வேண்டும் என்ற பழக்கம் உடைந்தாலே சோறு தானாகப் பாதியாகிவிடும். பொரியலில் உப்பும் காரமும் சற்றுக் குறைத்துப் போட்டால் காயைத் தனியாக அள்ளிச் சாப்பிட வரும்.

நான்காம் வாரம் சாயங்காலமும் ராத்திரியும். பஜ்ஜி, பிஸ்கட், மிக்சர் இடத்தில் சுண்டலும் வேர்க்கடலையும். ராத்திரி பரோட்டா, தோசையின் எண்ணிக்கை ஒன்றுக்கு இறங்குகிறது. கூட்டோ, முட்டைப் பொரியலோ, கோழிக் குழம்பின் துண்டுகளோ மீதி வயிற்றை நிரப்புகின்றன.

இந்த நான்கு வாரத்தில் தலைவலி, அசதி, கெண்டைக்கால் பிடிப்பு வருவது உண்டு. உடல் இழக்கும் தண்ணீரும் உப்பும்தான் காரணம். பாய்லர் பக்கத்திலோ கப்பல் தளத்திலோ வெயிலில் வியர்வை சிந்துபவர்களுக்கு இது கூடுதலாக இருக்கும். உப்புப் போட்ட மோர், ரசம், எலும்புச் சாறு கைகொடுக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். மலச்சிக்கல் வந்தால் தட்டில் காய் போதவில்லை என்று பொருள்.

காசிமேட்டிலிருந்து அடுப்பங்கரைக்கு

மாவுச்சத்தைக் குறைப்பவருக்குத் திருவொற்றியூரைப் போல் வசதியான ஊர் அதிகம் இல்லை. கடற்கரை நெடுக மீனவர் குப்பங்கள், சற்றுத் தெற்கே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீனில் மாவுச்சத்து கிடையாது. நூறு கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம்.

வஞ்சிரமும் வவ்வாலும் எட்டாத விலையில் இருந்தால் வருந்த வேண்டாம். மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி மூன்றும் மலிவு. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் சேர்கிறது. விடியற்காலையில் ஏலம் முடிந்து கூடைகள் சில்லறைக்கு வரும் நேரத்தில் போனால் பார்த்து வாங்கலாம்: கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் மேலே எழ வேண்டும். மத்தியின் வயிறு பிளந்திருந்தால் அது நேற்றைய மீன். வீட்டில் குழம்பாகவோ, தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டோ சமைப்பது நல்லது. கடை வறுவலில் மேலே பூசும் கார்ன்பிளவரும் மைதாவும் மீனோடு ஒட்டிக்கொண்டு கணக்கில் ஏறிவிடும்.

எண்ணூர் முகத்துவாரத்தில் பிடிபடும் மட்டி, நண்டு, இறால் விஷயத்தில் நிதானம் வேண்டும். ஆலைக் கழிவும் சாம்பலும் பல ஆண்டுகளாகக் கலக்கும் நீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் பரவி, அங்குள்ள மீனவர்களின் பிழைப்பையே முடக்கியது. சேற்றிலும் அடித்தரையிலும் மேயும் உயிரினங்களில் மாசு தங்கும் வாய்ப்பு அதிகம். வாரத்தில் பல நாள் மீன் சாப்பிடப்போகிறவர் ஆழ்கடலில் பிடித்த பலவகை மீன்களை மாற்றி மாற்றி வாங்குவதே பாதுகாப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஃபைபர் படகு மீன் மட்டுமே வரும், விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, சோயா என்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கருவாடு உண்டு, வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசி உப்பை இறக்காமல் சமைக்கக் கூடாது.

சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பருப்பிலும் பயறிலும் புரதத்தோடு மாவுச்சத்தும் சேர்ந்தே வரும். அவர்கள் இலக்கை 150 பக்கமே வைத்துக்கொண்டு, சோற்றை இன்னும் சுருக்கி, தயிர், பனீர், வேர்க்கடலை, சோயா ஆகியவற்றைக் கூட்டலாம். சுரை, புடலை, பீர்க்கு, அவரை, வெண்டை, கொத்தவரை, வாழைத்தண்டு, எல்லாக் கீரைகளும் தாராளமாகச் சாப்பிடலாம். உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி இவற்றைச் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூழ் வண்டியும் அத்தோ கடையும்

வெயில் காலத்தில் வடசென்னைத் தெருமுனைகளில் நிற்கும் கூழ் வண்டியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது. நூறு கிராம் கேழ்வரகில் 67 கிராம் அளவுக்கும், கம்பில் 62 கிராம் அளவுக்கும் மாவுச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 78. நார்ச்சத்தும், கேழ்வரகில் கால்சியமும் கூடுதல் என்பதால் அரிசியை விட மேல், சந்தேகமில்லை. ஆனால் ஒரு சொம்புக் கூழ் குடித்தால் அது ஒரு வேளை உணவு. அதன் பிறகு சோறு கிடையாது. தொட்டுக்கொள்ள வைக்கும் நெத்திலிக் கருவாடும் வெங்காயமும் நல்ல துணை.

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வடசென்னைக்குக் கொடுத்த அத்தோவை விட்டுவிடவும் மனம் வராது. கடைக்காரரிடம் நூடுல்ஸைப் பாதியாக்கி, முட்டைக்கோஸும் வெங்காயமும் கூடுதலாகப் போடச் சொல்லலாம். அவித்த முட்டை மசாலா இரண்டு, வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம். பிரியாணி நாளில் கறித்துண்டும் முட்டையும் தயிர்ப் பச்சடியும் முதலில், சோறு ஒரு கைப்பிடி. தந்தூரி கோழி, பெப்பர் சிக்கன், ஆட்டுக்கால் சூப் மூன்றும் பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். சில்லி சிக்கனிலும் கோபி 65-லும் பாதி மாவுதான். ஆடி மாதக் கூழும் கல்யாண விருந்தும் வருடத்தில் சில நாள். அந்த நாளில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வேளையே பழைய வழிக்குத் திரும்பினால் எதுவும் கெட்டுவிடாது.

ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு

ராத்திரி ஷிப்ட் இந்த ஊரின் தலையெழுத்து. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் சுரப்பு குறைகிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பன்னும் டீயும் அவ்வளவு ருசியாக இருப்பதற்கு இதுவும் காரணம். ராத்திரி வேலைச் சூழலை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரவில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை.

ஆகவே முழுச் சாப்பாட்டை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. டப்பாவில் சோற்றுக்குப் பதில் இரண்டு அவித்த முட்டை, வெள்ளரிக்காய், ஒரு சிறு டப்பா சுண்டல். பசித்தால் மட்டும் திறக்க வேண்டும். டீ இரண்டோடு நிற்கட்டும். இரண்டாவது டீ நள்ளிரவுக்கு முன்பே. காலையில் வந்ததும் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, அறையை இருட்டாக்கித் தூங்கப் போகலாம்.

கேன்டீனில் அளவுச் சாப்பாடு கொடுப்பவர்களிடம் சோற்றைக் குறைத்துப் பொரியலைக் கூட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. சோறு மலையாக விழுந்துவிட்டால், தொடும் முன்பே பாதியைக் கூட இருப்பவருக்கு மாற்றிவிடலாம்.

நாக்கு கேட்கும்போது

இனிப்புக்கோ பரோட்டாவுக்கோ திடீரென ஏங்கும்போது முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் நடந்து பார்க்க வேண்டும். பிறகும் பசித்தால் அது உண்மைப் பசி. புரதம் சாப்பிட வேண்டும். வீட்டில் மிக்சர் டின்னும் பிஸ்கட் பாக்கெட்டும் கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும், அந்த இடத்தில் அவித்த முட்டையும் வெட்டிய கொய்யாவும் இருக்க வேண்டும்.

சமைப்பவருக்கு இன்னொரு தொல்லை உண்டு. பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசையும், வீணாகிவிடுமே என்று சாப்பிடும் கடைசிச் சோறும் எந்தக் கணக்கிலும் வராது. அரிசியை அரை ஆழாக்கு குறைத்து உலையில் போட்டால் அந்தத் தொல்லை மூலத்திலேயே தீரும்.

ராயபுரம் சொல்லும் சாட்சி

நீரிழிவு மருத்துவத்தில் வடசென்னைக்கு நாட்டிலேயே முன்னோடி இடம் உண்டு. டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் நாட்டின் முதல் நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் எம்.வி. மருத்துவமனையை நிறுவினார். நீரிழிவு நோயாளிகளுக்கு மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவைப் பரிந்துரைத்து ஆராய்ந்தவர் அவர். மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் நூலில் இதை மறைப்பது நேர்மையாகாது. அவர் வலியுறுத்திய பயறு, பருப்பு, கீரை, காய் ஆகியவை இங்கே சொல்லப்பட்ட தட்டிலும் நடுநாயகமாக இருக்கின்றன. தீட்டிய அரிசியும் சர்க்கரையும் அந்தத் தட்டிலும் பெரிதாக இல்லை.

அதே ராயபுரத்திலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இன்னும் முக்கியமானது. சர்க்கரை நோயின் வாசலில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு குழுவுக்குச் சர்க்கரையைத் தவிர், தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறை, நார்ச்சத்தைக் கூட்டு, தினமும் அரை மணி நேரம் நட என்ற அறிவுரை. ஆய்வின் முடிவில் வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. அறிவுரை பெற்ற குழுவில் 39 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. தராசு நகராத வாரங்களிலும் தட்டைக் கைவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்து ஊர்ச் சாட்சி வேண்டியதில்லை.

2010-களில் தமிழர்களிடையே நியாண்டர் செல்வனின் எழுத்து வழியாகப் பேலியோ உணவுமுறை பரவியது. காலைக்கு 100 பாதாம், மதியம் காய், ராத்திரி இறைச்சி என்ற அட்டவணை பலருக்கு எடையைக் குறைத்தது. ஆனால் அது பருப்பையும் விலக்குகிறது. பாதாம் விலையோ தினக்கூலிக் குடும்பத்துக்குத் தாங்காது. ரேஷன் பருப்பை விலக்கிவிட்டு இந்த ஊரில் நெடுநாள் ஓட்ட முடியாது.

கொழுப்பைக் குறைத்த உணவா, மாவுச்சத்தைக் குறைத்த உணவா எது மேல் என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் ஒப்பிட்டு 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். இரண்டிலும் சராசரியாக ஐந்தாறு கிலோ குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. இரு குழுவினருக்கும் சர்க்கரையையும் மைதாவையும் குறைத்துக் காய்கறியைக் கூட்டும்படி சொல்லியிருந்தார்கள். ஆகவே எண்ணெயும் வெண்ணெயும் இஷ்டத்துக்கு ஊற்றலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது.

மூன்றாம் மாத முடிவில்

எடையை வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அதைவிட நம்பகமானது டெய்லர் டேப். தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80. அதைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு கூடுதல். பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் நம் மக்களுக்கு அதிக எடை என்றே கொள்கிறார்கள்.

புரதம் போதுமா என்பதையும் பார்க்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்று வைத்துக்கொண்டால் 70 கிலோ உள்ளவருக்கு 70 கிராம். அது குறைந்து, உடம்புக்கு வேலையும் இல்லாமல் போனால் கொழுப்போடு தசையும் கரையும். மெட்ரோ நிலையத்தில் படியேறுவதும், சாப்பிட்டபின் 15 நிமிடம் தேரடி வரை நடப்பதும், வீட்டிலேயே 20 தோப்புக்கரணம் போடுவதும் தசையைக் காக்கும்.

மூன்று மாதம் முடிந்ததும் எச்.பி.ஏ1சி, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் எடுத்து, தொடக்கத்தில் எடுத்ததோடு மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிலருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருக்கலாம். அப்போது இறைச்சிக் கொழுப்பையும் பாமாயிலையும் குறைத்து மீனையும் பயறையும் கூட்ட வேண்டும். எல்லாம் சரியாக இருந்து, இடுப்பும் இறங்கியிருந்தால் மதியத்துக்கு இன்னொரு கரண்டி சோறு சேர்த்து இரண்டு வாரம் பார்க்கலாம். டேப்பில் அளவு ஏறாவிட்டால் அந்தக் கரண்டி தட்டில் தொடரலாம். ஏறினால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கரண்டி கீரை.